செல்லக்கனி வளத்த உடங்கன்னு

மூணு ஏக்கர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திநாலு ஆடிக் காத்துல, சாயர்புரத்துக்குத் தெக்க, தேரி மணல் மூடுன நெலம். நெனவுல வச்சிக்கிடுங்க. அது செல்லக்கனியோடது. புருசன் கொழும்புல காய்ச்சல் கண்டு செத்தான். மணல் போக மிச்சம் கெணத்தடியில ஒரு துண்டு நெலம். இன்னொரு ஆடி வந்தா அதுவும் போச்சு.

மணலக் கட்டிப்போட முள்ளு உடமரம் நடணும்னு காட்டிலாகா முடிவு பண்ணுச்சு. செல்லக்கனி கெணத்துல தண்ணி இருந்ததால கன்னு வளக்குற வேல அவளுக்கு வந்துச்சு. ஆட்டுக் கெடையில புழுக்கையோட கெடக்குற உட வெதையப் பொறுக்கி, ஓலக் கொட்டான்ல தேரி மண்ண நெறச்சு ஊனுனா. அவ நெலத்துக்கு மேக்கால நடப்போற கன்னு. அது காடானா அவ நெலம் தங்கும்.

காட்டிலாகா கார்டு வன்னியபெருமாள் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனாரு. தண்ணி மட்டும் ஊத்து, உரம் கூடாது.

மொளச்ச கன்னு எலயெல்லாம் வெளுத்து மஞ்சப் பூத்து நின்னுச்சு. பட்டினி போட்டு வளக்கச் சொல்லுதானே, இவன்லாம் ஒரு மனுசனான்னு கார்ட ஏசுனா. திரேஸ்புரத்துல இருந்து கருவாடு கொண்டு வார இனிகோகிட்ட, உப்புப் படாத சாளமீன் கழிவு மூட்டையா வேணும்னா.

"கன்னுக்கு மீன் கொழம்பா வைக்கப் போற?"

"நீ தின்னு மிச்சம் வச்சாப் போதும். கொண்டா."

கடக்கரப் பக்கம் தென்னைக்கும் மொளகாய்க்கும் மீன் உரம் போடாத ஆளு உண்டா? மக்கவச்சுக் கரச்சு ஊத்துனா. கன்னு கருகருன்னு தழச்சுச்சு. ஊரே வந்து பாத்துச்சு. கார்டுக்கு மட்டும் மொகம் சுண்டிப் போச்சு. ஆனா ஐப்பசி மழ எறங்கிருச்சு, வேற கன்னு போட நேரமில்ல. எண்ணூறு நட்டாங்க.

தை பொறக்கவும் மழ நின்னுச்சு. கன்னு அடியில இருந்து மஞ்சளாயி எல உதுத்துச்சு. கொடம் கொடமாச் செமந்தா. ஊத்த ஊத்த மணலு குடிச்சுச்சு. வேலியோரம் தானா மொளச்ச ஒரு நறுங்கிப்போன குட்டக் கன்னு மட்டும் பச்சையா நின்னுச்சு. கார்டு வந்து அதையும் அவ கன்னுல ஒண்ணையும் தோண்டி எடுத்துக் காட்டுனாரு. தானா மொளச்சதோட வேர்ல கடுகு கடுகா முடிச்சு. அவ கன்னோட வேரு வழவழன்னு கெடந்துச்சு.

"ஏளா, இந்த முடிச்சுக்குள்ள ஒரு கிருமி இருக்கு. காத்துல உள்ள தழச்சத்தப் புடிச்சு மரத்துக்குக் குடுக்கும். சும்மா குடுக்காது. எல காச்சுற சீனிய மரம் அதுக்குக் கூலியாக் குடுக்கணும். மண்ணுலயே சத்து கெடந்தா மரம் எதுக்குக் கூலி குடுக்குது? கிருமியச் சேக்காது."

"மீன் உரம்லாம் மழையில கரஞ்சு போச்சே, இப்ப மண்ணுல ஒண்ணுமில்லையே அண்ணாச்சி. இப்ப வைக்கட்டுமே முடிச்சு."

"கூலி குடுக்க எல எங்கன இருக்கு?"



மஞ்சப் பூத்து நின்னப்பதான் கன்னு வேரடியில ஆள் சேத்துக்கிட்டு இருந்திருக்கு. அவ மீனக் கரச்சு ஊத்தி அதக் கலச்சுப்புட்டா. வெதின்னு யாரும் சொல்ல வேண்டாம். பாசத்துல செஞ்சது, அவ்வளவுதான். பாசம்னா மணலு நிக்குமா?

ஆனியில காத்து தொடங்குச்சு. மணல்ல வேலி முங்குச்சு, பொறவு கெணறும் தூந்துச்சு. செல்லக்கனி வீட்டுக் கதவச் சாத்திட்டு, தூத்துக்குடி உப்பளத்துக்கு உப்புச் செமக்கப் போனா. அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்பி வரல.

காட்டிலாகா ஆளுக வந்து எண்ணிட்டுப் போனாங்க. பொழச்ச கன்னு பதினாலு.