தங்கையிடம் கேட்காமல் எடுத்த முடிவு

முத்தையாபுரத்தில் வசிக்கும் என் தங்கை செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எல்லாவற்றையும் சைகையில் பேசுவாள். தலைப்பிரசவத்துக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சிசேரியன் என்று முடிவானது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, "அப்போ இதோட கருத்தடையும் பண்ணிருதோம்" என்று அவள் மாமியாரிடம் நர்ஸ் சொன்னது என் காதில் விழுந்தது.

பதறிப்போய், "யாரைக் கேட்டு?" என்றேன்.

"ஊமைக்கு ஒரு பிள்ளை போதும்ளா. இதுவே எப்படிப் பொறக்குமோ!" என்றார் மாமியார். செல்வியின் கணவர் தன் அம்மாவின் பக்கமே நின்றார்.

ஸ்ட்ரெச்சரை மறித்து, செல்விக்குச் சைகையில் விஷயத்தைச் சொன்னேன். வயிற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டி அழுதாள். அதைப் பார்த்த பிறகும் டாக்டர் என்னிடம்தான், "அவங்களுக்கு நீங்க புரியவைங்கம்மா" என்றார்.

"அவளுக்கு நல்லாப் புரிஞ்சிட்டு டாக்டர். வேண்டாம்னு சொல்லுதா."

பிரசவம் மட்டும் நடந்தது, பெண் குழந்தை. மறுநாள் செல்வி, "என்னிடம் ஏன் கேட்கவில்லை?" என்று சைகையில் கேட்டாள்.

இப்போதெல்லாம் அவளைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும், அந்தக் கேள்வியை அவளிடமே சைகையில் கேட்டு, அவள் சொல்வதை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒருவர்கூட இன்றுவரை அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.