ஒத்தி வீட்டில் வாசித்த டைரி

“ஜூன் 4: படுக்கையறைக் கூரை ஒழுகியது. ஜூன் 11: மீண்டும் ஒழுகியது. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன்.” தேங்காய்ப்பட்டணத்தில் குடியிருந்தபோது நான் எழுதிய டைரிக் குறிப்பு இது.

நான் மலேசியக்காரன். மாத வாடகை இல்லாமல், மொத்தமாகப் பணம் கொடுத்து ஒத்திக்கு அந்த வீட்டை எடுத்திருந்தேன். காலி செய்யும்போது பணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். விசா முடிய நான்கு நாள் இருக்கையில் வீட்டுக்கார அம்மா ஸ்டெல்லா, படுக்கையறைச் சுவர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பாழானதற்குப் பிடித்தம் உண்டு என்றார்.

“செவரு நாசமானது உங்களாலதான் சாரே. ஒருநாளாவது ஜன்னலத் தொறந்தியளா?”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வீடு பார்க்க வந்த ஒரு தம்பதி அடுக்களையில் நின்றதை நான் பொருட்படுத்தவில்லை. டைரியை எடுத்து, ஒழுகிய நாட்களைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன்.

“அப்ப நாங்க வாறோம் அக்கா” என்று தம்பதி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்டெல்லா சிரித்தார். “இப்ப எறங்கிப் போனது ஆருன்னு தெரியுமா? உங்க பைசா. அவிய ஒத்தி தந்தாத்தானே நான் உங்களுக்குத் தர முடியும்? வாசியுங்க சாரே, மிச்சத்தையும் வாசியுங்க!”

வெறுங்கையோடு விமானம் ஏறினேன். ஆறாவது வாரம், பிடித்தமில்லாமல் பணம் வந்து சேர்ந்தது. அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். கூரை ஒழுகுவதை ஸ்டெல்லா அவர்களிடம் சொன்னாரா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. பணம் முழுதாக வந்துவிட்டதால் நான் விசாரிக்கவில்லை.