பத்தாவது எண்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது என் அக்காவுக்கு நடந்தது. விளம்பரம் எழுதிப் பிழைத்தாலும் அவளுக்குப் பொய் சொல்ல வராது. இதில் வரும் நேரங்களும் நான் இட்டுக்கட்டியவை அல்ல. எல்லாம் அவள் அலுவலகக் கணினியில் பதிவாகி இருக்கின்றன.

சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். ‘இந்தச் சொல்லை இந்த ஐந்து இலக்க எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று போட்டிருக்கும். அந்த எண்களை நடத்துவதுதான் அக்காவின் வேலை. அன்றைக்கு ஒரு மெத்தைக் கடையின் முறை. ‘மெத்தை’ என்று யார் அனுப்பினாலும் பதில் தானாகப் போகும்: “நன்றி! எங்கள் முகவரி இதோ. ஒருமுறை வந்து படுத்துப் பாருங்கள்.” அதன் பிறகு அவர்கள் என்ன எழுதினாலும் ஒரே பதில்தான்: “வாருங்கள், காத்திருக்கிறோம்!”

எண்ணைத் திறந்துவிடுமுன் பத்து போன்களுக்கு அந்தப் பதிலை அனுப்பிப் பார்க்க வேண்டும். திரையில் பத்துக்கும் ‘சேர்ந்தது’ என்று வர வேண்டும். பத்தும் அலுவலகத்து ஆட்களின் போன்கள். கடையின் முகவரி இன்னும் வந்து சேராததால், சோதனைக்கென்று எப்போதும் போடுவதுபோல அக்கா தன் வீட்டு முகவரியையே போட்டிருந்தாள்.

ஒன்பதுதான் சேர்ந்தது. பத்தாவது, சோடாபுட்டி என்று எல்லாரும் கூப்பிடும் பக்கத்து மேசைக்காரியின் போன். காலையில்தான் அது கைகழுவும் தொட்டியில் விழுந்து உயிரை விட்டிருந்தது.

“பத்து காட்டலைன்னா மேனேஜர் குதிப்பாரேடி” என்றாள் அக்கா.

“ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு விடு. மூடிப்போன கடைங்களோட கஸ்டமர் லிஸ்ட் எவ்வளவு கிடக்கு! யாரு கண்டா?”

சம்மதம் சொல்லாத எவருக்கும் ஒரு வரிகூட அனுப்பக் கூடாது. அந்தத் தொழிலின் முதல் விதி அது. அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பழைய பட்டியலைத் திறந்து, முதலில் இருந்த எண்ணைப் போட்டாள்.

பிற்பகல் 2:40. சேர்ந்தது.

2:52க்கு அந்த எண்ணிலிருந்து பதில் வந்தது.

“படுக்கலாமா?”

கணினி உடனே சொன்னது: “வாருங்கள், காத்திருக்கிறோம்!”

சோடாபுட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆர்வத்தைப் பாரு! கடை திறக்கறதுக்கு முன்னாடியே போணி ஆயிடுச்சு.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அடியே... அதுல இருக்கறது என் வீட்டு அட்ரஸ்.”

அந்த எண்ணைக் கூப்பிட்டாள். ‘நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை’ என்றது ஒரு குரல். மறுபடி கூப்பிட்டாள். அதே குரல்.

2:58. “கிளம்பிட்டேன்.”

வாருங்கள், காத்திருக்கிறோம்!

பதிலை நிறுத்த மேனேஜரின் கடவுச்சொல் வேண்டும். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டினாள். அவர் திரும்பாமலே கையைக் காட்டினார், அப்புறம் என்று.

3:05. “நடந்துதான் வர்றேன்.”

வாருங்கள், காத்திருக்கிறோம்!

அக்காவின் மகள் பாப்பா மூன்றாம் வகுப்பு. பள்ளி வண்டி மூன்று மணிக்கு அவளை வாசலில் இறக்கிவிடும். கழுத்தில் தொங்கும் சாவியால் தானே திறந்துகொண்டு போவாள். அம்மா வரும்வரை வீட்டில் தனியாகத்தான் இருப்பாள்.

அக்கா பையைக்கூட எடுக்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்புமுன் வீட்டுக்கு போன் போட்டாள்.

“வந்துட்டேம்மா. ஷூ கழட்டறேன்.”

“கதவைப் பூட்டு. யார் வந்தாலும் திறக்காதே. தெரியுதா?”

“பூட்டிட்டேம்மா.”

வழியெல்லாம் சிக்னல். 3:26க்கு இயர்போனில் சோடாபுட்டியின் குரல். இப்போது அவளும் சிரிக்கவில்லை.

“இன்னொண்ணு வந்திருக்குடி.”

“என்ன?”

“‘படி ஜாஸ்தி’ன்னு...”

அக்காவின் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முகவரியில் அவள் மாடியைக் குறிப்பிடவே இல்லை.

3:31. “குழந்தை நல்லாப் பூட்டியிருக்கு.”

அக்கா வண்டியை இன்னும் முறுக்கினாள்.

3:34. “பரவாயில்ல.”

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை...

3:41. நாலு மாடியையும் ஓடியே ஏறினாள். கதவு பூட்டித்தான் இருந்தது. தன் சாவியால் திறந்தாள். கூடத்துத் தரையில் பாப்பா படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“யாராவது வந்தாங்களா கண்ணு?”

“இல்லையே. நான் கதவையே திறக்கலை.”

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் கவனித்தாள். பாப்பா கிசுகிசுப்பாகப் பேசுகிறாள்.

“ஏன் மெதுவாப் பேசறே?”

பாப்பா உதட்டில் விரல் வைத்தாள்.

“உள்ள தூங்கறாங்கல்ல...”

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

க்றீச்...

கட்டில் சத்தம்.

அக்கா தள்ளித் திறந்தாள்.

யாரும் இல்லை.

மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். தலை, தோள், இடுப்பு, கால்... ஆள் படுத்த பள்ளம்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அது மெல்ல மேலெழுந்தது.

சமமாயிற்று.

தொட்டாள். சில்லென்றிருந்தது.

போன் அதிர்ந்தது. சோடாபுட்டிதான்.

“3:44க்கு ஒண்ணு வந்திருக்குடி. ‘நல்ல மெத்தை’ன்னு.”

அன்றிரவே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் போன் கம்பெனியில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் மூலம் விசாரித்தார்கள். அந்த எண் ஒரு பெண்மணியுடையது. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

அக்கா அலுவலகத்துக்குப் போய்ச் செய்த முதல் காரியம், பத்தாவது எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நீக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. யாரை நீக்கினாலும் தானாகவே ஒரு விடைபெறும் செய்தி போகும். இரண்டு வருஷத்துக்கு முன் அவளே எழுதியது.

“உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம். எப்போது வேண்டுமானாலும் மறுபடி வாருங்கள்.” கீழே முகவரி. இன்னும் மாற்றாத முகவரி.

திரையைப் பார்த்தாள்.

காலை 10:07. சேர்ந்தது.