பெட்டிக் கட்டை நாற்காலி

மாடு வாங்குவதற்காகப் போட்ட சாய்ப்பு அது. மாடு வாங்கவே இல்லை. அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மரவேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் தச்சர் இல்லை. எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளை அங்கே உடைத்துப் பழைய மரக்கடைக்குப் போடுவார்கள். அந்தப் பலகைகளை வாங்கி வந்து ஆணி பிடுங்கி இழைத்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் மரம் இருக்கும். அந்த வாசனை ஒருமுறை பிடித்துவிட்டால் விடாது. நான் சாராயம் குடிப்பதில்லை, சீட்டு ஆடுவதில்லை. எனக்கு இது.

ஊரில் இதற்குப் பெயர் பெட்டிக் கட்டை. அந்தப் பெயரை டீக்கடையில் வைத்துப் பரப்பியவர் ஒரு பெரிய விவசாயி. அவர் ஊருக்குள் இருக்கிறார், நாங்கள் காலனியில் இருக்கிறோம். என் அப்பாவும் அம்மாவும் அவர் கழனியில்தான் காலமெல்லாம் உழைத்தார்கள். அப்பா இன்னமும் தண்ணீர் கட்டப் போகிறார். "கெட்டவரு இல்லடா" என்பார் அப்பா. வாஸ்தவம்தான். கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இவர் தன் தாத்தா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அவர் பேசியதையே பேசிக்கொண்டிருக்கிற ஆள்.

அவர் வீட்டுப் போர்டிகோவில் இரும்பு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். அப்பா அவற்றில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா அவரை 'ஆண்டே' என்பார். நான் 'சார்' என்பேன். அவரால் அதில் குறை சொல்லவும் முடியாது, அதை ரசிக்கவும் முடியாது. அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே கூடவே இரண்டு 'சார்' சேர்த்துப் போடுவேன்.

போன வருஷம் ஒரு நாற்காலி செய்தேன். ஆணியே அடிக்காமல், ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் துளைக்குள் இறுக்கிப் பசை போட்டு நிறுத்தியது. முதுகுச் சட்டங்களை லேசாக வளைத்து இழைக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது. கடைசியில் எண்ணெய் தேய்த்துப் போட்டோ எடுத்து போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அந்த விவசாயியின் மகள் என் தங்கையோடு படித்தவள், இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். தங்கை மூலம் என் நம்பர் அவளிடம் இருந்தது. தனக்கும் அதேபோல் வேண்டும் என்று தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை, என்ஜினையும் அணைக்கவில்லை. வாசலுக்கு எதிரில் நின்று ஹாரன் அடித்தார்.

"டேய், கீறியா?"

எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

"கீறேன் சார். உள்ள வாங்க சார்."

"இல்ல, வேல கீது. பாப்பா இன்னாமோ நாற்காலி கேக்குது. பெட்டிக் கட்டையில பண்றியாமே, உளுத்துப் போவாதா?"

நாற்காலியைத் தூக்கி வந்து அவர் வண்டிப் பக்கத்தில் போட்டேன். "உக்காந்து பாருங்க சார்."

"நாற்காலில உக்காந்து இன்னாடா பாக்கறது?" கையை நீட்டி முதுகை ஆட்டிப் பார்த்தார். பலகையில் விரல் கணுவால் தட்டினார். தர்பூசணி வாங்க வந்தவர் மாதிரி இருந்தது. தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி இரண்டடி வைத்தால் நாற்காலி. ஆனால் காலனித் தெருவில் உட்கார்ந்தார் என்ற பேச்சு அவருக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடுமே.

"வூட்டாண்ட எத்துக்கினு வந்து போடு. அங்க பாத்துக்கலாம்."

அதற்குள் அப்பா டிவியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். "நீங்க போங்க ஆண்டே, நான் தூக்கிக்கினு வரேன்."

"நீ வேணாம்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த நாற்காலியை அப்பா தலையில் சுமந்து ஊருக்குள் போகிற காட்சியை என்னால் தாங்க முடியாது.

மறு ஞாயிறு கோயில் பூசை முடிந்ததும் மொபெட்டில் கட்டி எடுத்துப் போனேன். "பின்பக்கமா வாடா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காது கேட்காதவன் போல முன்கேட்டைத் திறந்து போர்டிகோவில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் வெளியே வந்தார். நாற்காலியைச் சுற்றி வந்தார். பிறகு டிராக்டர் கழுவும் குழாயை எடுத்து, மோட்டாரைப் போட்டு, நாற்காலியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார். முதுகு, இருக்கை, நான்கு கால்கள், அடிப்பக்கம்கூட விடவில்லை.

"தூசியா கீது" என்றார், என்னைப் பார்க்காமலே.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்த நாற்காலி அது. தூசி எங்கேயிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பட்டப்பகலில் ஒரு வயசாளி மரக்கட்டையைக் குளிப்பாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவ்வளவுதான். இந்த ஆளுக்காகவா என் அப்பா டிவியை விட்டுவிட்டு ஓடி வந்தார்?

துண்டால் துடைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். என் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது அது. அவர் குள்ளம். இரண்டு காலும் தரையைத் தொடாமல் தொங்கின. அது அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"நல்லாத்தான்டா கீது. முதுவுக்கு எதமா கீது."

லீவுக்கு வந்திருந்த மகள் காபியோடு வந்தாள். ஈரத்தரையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். "உக்காருங்கண்ணா" என்று இரும்பு நாற்காலியைக் காட்டினாள்.

"அவனுக்கு வேல கீதும்மா. கெளம்பிக்கினு கீறான்" என்றார் கண்ணைத் திறந்து.

நான் உட்கார்ந்தேன். காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"எழுந்திரிங்க சார்."

"இன்னாது?"

"எழுந்திரிங்க. நாற்காலிய எத்துக்கினு போவணும். நான் விக்கறதுக்குப் பண்ணல."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் எட்டாததால் முதலில் முன்னால் நகர்ந்து, பிறகு குதித்தது போல் இறங்கினார். நான் எழுந்துபோய் நாற்காலியைத் துடைத்து வண்டியில் கட்டினேன். கேட்டைச் சாத்தியதும் பின்னால் அவர் சத்தம் ஆரம்பித்தது. அதில் என் அப்பாவின் பெயரும் அடிபட்டது. நான் திரும்பவில்லை.

"நாளிக்கி நான் எந்த மொகத்த வெச்சிக்கினு கழனிக்குப் போறது?" என்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனாலும் மறுநாள் போனார். வரப்பில் நின்று அந்த விவசாயி சொன்னாராம்: "உன் புள்ளைக்குத் திமிரு ஏறிப் போச்சு." இதை அப்பா சாயங்காலம் வந்து சொன்னதும் அம்மா கேட்டாள், "நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னுட்டேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

அவர் மகள் போனில் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பி, தன் அப்பா சார்பில் மன்னிப்புக் கேட்டாள். கூடவே, நாற்காலி கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாள். பதில் போடவில்லை. குழாயைப் பார்த்தபோது திறக்காத வாய் பொம்மை அனுப்பி என்ன ஆகப்போகிறது?

இணைப்புகளுக்குள் தண்ணீர் இறங்கி ஒரு கால் ஊறி நெகிழ்ந்துவிட்டது. நிழலில் காயவைத்து, பிரித்து, புதிதாகப் பசை போட்டு இறுக்கினேன். இப்போது ஆடவில்லை. கட்டில் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். பெட்டிக் கட்டையில் கட்டிலா, உடைந்து குடும்பத்தோடு கீழே விழுவான் என்று அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சொல்லட்டும். ஒரு டீயை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பேச அவருக்கும் ஏதாவது வேண்டுமே.