முன் மட்கார்டில் ஒரு ஒடுக்கு

அந்தக் குடியிருப்பில் அவளைப் பல்லக்கா என்றால்தான் தெரியும். அவளுடைய சொந்தப் பல்வரிசை ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. அவள் செய்வது பல். பல் டாக்டரம்மா ஒருவர் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, மூன்றாவது மாடி வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கிடக்கிற மேசையில் உட்கார்ந்து பல் செட் கட்டிக் கொடுப்பாள். வயது ஐம்பத்திரண்டு.

அவள் கைக்கு ஒரு பேர் உண்டு. பளிச்சென்று வெள்ளைப் பல் கட்ட யாராலும் முடியும். எழுபது வயதுக்காரர் வாயில் எழுபது வயதுப் பல்லை வைப்பதற்குத்தான் கண் வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே டீக்கறை மாதிரி மெல்லிசாக ஒரு கோடு இழுப்பாள். கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் தேய்த்துவிடுவாள். போட்டுக்கொண்டவர் சிரித்தால் பெற்ற பிள்ளைக்கே சந்தேகம் வராது.

வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் அண்ணன். இருபத்தாறு வருஷம் டாக்சி ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி திரும்பியது, கால் திரும்பவில்லை. கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படி. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு தடவை நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். மற்றபடி ஜன்னலோரம்தான் அவருக்கு உலகம்.

அவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. முதல் வருஷத்தில் ஒருநாள் பேங்க்குக்குப் போனவள் வரிசையில் நின்று ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். அண்ணன் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். அன்றிலிருந்து இருபத்தைந்து நிமிஷம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். அதற்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் அவள் ஊர். மருந்துக்கடை உண்டு, காய்கறிக் கடை உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு. ஆற்றுப் பாலம் இல்லை. அதற்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆகும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அச்சுகளோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. டாக்டரம்மாவின் தம்பி வாங்கி, பிரிக்காமலே போட்டு வைத்திருந்த பொம்மைக் கார். பொம்மை என்று சொன்னால் கட்டுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். அசல் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு, நூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகள், எல்லாவற்றையும் நாமே வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். "உங்க கைக்கு இது விளையாட்டு அக்கா, பொழுது போகும்" என்று டாக்டரம்மா சீட்டு வைத்திருந்தார். பொழுது போகவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் பிரித்தாள்.

அண்ணன் பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்தார். உருண்டை முதுகு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, அகலமான மட்கார்டு.

"நம்ம வண்டி" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் ஓட்டியதும் அந்த மாடல்தான். வாங்கும்போதே அது பழைய வண்டி. கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை.

பல் வேலை முடிந்த மத்தியான நேரங்களில் கட்ட ஆரம்பித்தாள். பல் ராவுகிற கருவிகளே போதுமாக இருந்தன. மூன்று வாரத்தில் வண்டி எழுந்து நின்றது. பச்சை பளபளத்தது, பம்பரில் முகம் தெரிந்தது. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் அண்ணனிடம் நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடை வண்டி. நம்மது இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது சரி. முப்பது வயது வாய்க்குள் இருக்க வேண்டியதை எழுபது வயது வாய்க்குள் வைத்த மாதிரிதான் இருந்தது. மறுநாளே பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை முதலில் உடம்பு முழுக்கத் துருப்பழுப்பு பூசினாள். துரு தெரிய வேண்டிய இடங்களை ஈரமாக்கி உப்புத் தூவி, காய்ந்ததும் அதற்கு மேலே பச்சை அடித்தாள். பிறகு நனைந்த தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, உப்புக்கல் உதிர்ந்த இடத்திலெல்லாம் உள்ளேயிருந்த பழுப்பு வெளியே வந்தது. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். உப்பைத் தூவி வண்டிக்குத் துருப்பிடிக்க வைத்தவள் நீ ஒருத்திதான் என்று கோணல் வாயோடு கிண்டல் வேறு செய்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. நான்கு வருஷமாகத் தண்ணி, பாத்ரூம், விளக்கைப் போடு என்பதைத் தாண்டாத மனிதர் காலையிலேயே வேலை சொல்லத் தொடங்கினார். பின்கதவுக்குக் கீழே இருந்த துரு நாக்கு மாதிரி நீளமாக இருக்கும். ஜன்னல் விளிம்பில் அவர் முழங்கை பட்டுப் பட்டு ஒரு சாண் நீளத்துக்கு வர்ணம் போயிருக்கும். பின்சீட்டில் குடைக்கம்பி குத்திய கிழிசல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். அவளும் வண்ணச் சாக்கட்டியைப் பொடி செய்து சக்கரத்தடியில் புழுதி படிய வைத்தாள், நீர்த்த கறுப்பை இடுக்குகளில் ஓடவிட்டு எண்ணெய்ப் பிசுக்கு வரவழைத்தாள். கீழ்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு தபால்காரர் ஒருநாள் தண்ணீர் பில் கொடுக்க வந்தவர், வண்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் வாசனைதான் பாக்கி என்றார்.

அந்த வாரங்களில் இருபத்தைந்து நிமிஷக் கணக்கு அவளுக்குப் பாரமாக இல்லை. உண்மையைச் சொன்னால், வெளியே போக வேண்டும் என்றே தோன்றவில்லை.

கடைசியாக இடது முன் மட்கார்டு வந்தது. அதில் ஒரு அடி விழுந்திருந்தது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அவளுக்கு இருபத்து மூன்று வயதில் நடந்தது அது. ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போக வேண்டிய பெரிய நகரம் ஒன்றில், பீங்கான் பல் செய்யப் பழக்குகிற இடத்தில் அவளுக்குச் சேர்க்கை கிடைத்தது. இரண்டு வருஷப் பயிற்சி, முடித்ததும் அங்கேயே வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு ரயில். அம்மா இடுப்பு முறிந்து படுக்கையில். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சவாரியை இறக்கிவிட்டு மூன்று மணிக்கு வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன அண்ணன் நாலரைக்கு நடந்து வந்தார், நெற்றியில் ரத்தத்தோடு. லாரிக்காரன் இடித்துவிட்டுப் போய்விட்டான், வண்டி பட்டறையில் நிற்கிறது என்றார். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெந்நீர் போட ஓடினாள். அடுத்த ரயில் இரண்டு நாள் கழித்து. அதற்குள் வரிசையில் அடுத்திருந்தவருக்கு இடம் போய்விட்டதென்று தந்தி வந்தது.

அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். அம்மா போனபோது அவளுக்கு முப்பத்து நாலு. அப்போது அவளைப் பிடித்து வைக்க யாருமில்லை. எங்கே போக நினைத்தோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

லாரி உரசினால் பக்கவாட்டில் நீளமாக இழுத்துக்கொண்டு போகும். பட்டறைக்காரர் தட்டிப் பூசி மேடும் பள்ளமுமாக ஆக்கிய பிறகுதான் அவள் வண்டியைப் பார்த்தாள் என்பதால், அடியின் அசல் உருவம் அவளுக்குத் தெரியாது. ஆகவே உள்பக்கமாகப் பிளாஸ்டிக்கை மெல்லிசாக ராவிவிட்டு, பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அண்ணன் சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும்.

"அங்க இல்ல" என்றார். "முன்னாடி. நேரா. வட்டமா உள்ள போயிருக்கும்."

"லாரி எப்படிண்ணே நேரா இடிக்கும்?"

"லாரி இல்ல பாப்பா. கம்பம்."

அவள் பென்சிலை வைத்தாள்.

வார்த்தை வார்த்தையாகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னார். அன்றைக்கு இரண்டரை மணிக்கே வீட்டுத் தெருமுனைக்கு வந்துவிட்டார். அம்மாவை ஒற்றை ஆளாக எப்படித் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று வண்டியிலேயே உட்கார்ந்து யோசித்தார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கிடங்குத் தெருவுக்குப் போய், ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, விளக்குக் கம்பத்தில் விட்டார். நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது மட்டும் திட்டத்தில் இல்லை.

அவள் கம்பி காய்ச்ச ஏற்றியிருந்த ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஐம்பத்து நான்கு படியும் இறங்கினாள்.

காய்கறிக் கடையைத் தாண்டினாள். செருப்புத் தைப்பவர் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. பாலம் வந்தது, அதையும் தாண்டினாள். எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் எடுத்தாள். அங்கே ஒரு பஸ் நிலையம், ஒரு டீக்கடை, காலியாக ஒரு பெஞ்சு. உட்கார்ந்தாள். இந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று யோசித்தாள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வாய் அச்சாகத்தான் வந்து போயிருக்கிறார்கள். டீ குடித்தாள். சர்க்கரை கூடுதல் என்பது கூடத் தெரிந்தது. அண்ணன் விழுந்திருப்பாரோ என்ற நினைப்பு நடுநடுவே வந்தது. விழட்டும் என்று ஒருமுறை நினைத்தாள். அடுத்த பஸ்ஸைப் பார்த்து எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் விழவில்லை. விழாமல் இருக்க இடது கையால் ஜன்னல் கம்பியை அவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருந்தார். விரலைப் பிரிக்க அவள்தான் உதவ வேண்டியிருந்தது. வேட்டி நனைந்திருந்தது. துடைத்து, மாற்றி, தண்ணீர் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஒன்பது நாள் அப்படியே போனது. அந்த ஒன்பது நாளும் வீடு முன்னை விடச் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் மூச்சு கேட்டது.

பத்தாம் நாள் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். வேலையை அரைகுறையாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. உருண்டை முனை வைத்த கம்பியைச் சூடாக்கி, மட்கார்டின் முன்பக்கத்தில் வைத்து, நேராக, மெல்ல அழுத்தினாள். பிளாஸ்டிக் குழைந்து உள்ளே போனது.

"என்ன மன்னிச்சிடுவியா பாப்பா?" என்று கேட்டார் அண்ணன்.

"அது எனக்குத் தெரியல. பம்பரும் வளைஞ்சிருந்துச்சா, அதச் சொல்லு."

"வளைஞ்சிருந்துச்சு. இந்தப் பக்கம் ரெண்டு விரக்கட."

அதையும் வளைத்தாள். மடங்கிய ஓரத்தில் பச்சை வெடித்து, உள்ளே தகரம் தெரிகிற மாதிரி வெள்ளி தொட்டுவைத்தாள். விளக்குக் கண்ணாடியில் ஊசியால் விரிசல் கீறினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ கேட்டிருந்தா நான் இருந்திருப்பேண்ணே. நீ கேக்கவே இல்லையே."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். அப்படிச் சொன்னது உண்மைதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இருபத்து மூன்று வயதில் அந்தப் பெட்டியைக் கட்டிய பெண், கேட்டிருந்தாலும் போயிருப்பாளோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்கிற வழியைத்தான் அவர் கம்பத்தில் மோதினார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா தாமே மூச்சு வாங்கப் படியேறி வந்து வண்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"நெஜமாவே எதுலயோ இடிச்ச மாதிரியே இருக்கே அக்கா" என்றார்.

ஜன்னலோரத்திலிருந்து அண்ணன் பேசினார். "நாந்தான் இடிச்சேன். வேணும்னே இடிச்சேன்."

டாக்டரம்மா அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் பல்லக்கா, பல நாளாக டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் சொன்னாள். வியாழக்கிழமைகளில் நான்கு மணி நேரம் கிளினிக்கில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களின் பல்லுக்கு நிறம் பார்த்துக் கொடுக்கிறேன் என்றாள். அந்த நேரத்தில் தபால்காரர் மேலே வந்து அண்ணனோடு இருக்கச் சம்மதித்திருந்தார். வேற்று மனிதர் கையால் பாத்ரூமுக்குப் போக மாட்டேன் என்று அண்ணன் முனகினார். பழகிக்கோ என்று அவள் முடித்துவிட்டாள்.

முதல் வியாழக்கிழமை இரண்டு மணி நேரத்திலேயே எழுந்து வந்துவிட்டாள். காலம் போகப் போக மூன்று மணி நேரம் வரை உட்கார முடிகிறது. நாலாவது மணி அவளுக்கு இன்னும் வசப்படவில்லை. ஒவ்வொரு வியாழனும் படி ஏறும்போது, தன் கால் தன்னைக் கேட்காமலே வேகம் எடுப்பதை அவள் கவனித்திருக்கிறாள். ஒருநாளாவது பாதிப் படியில் நின்று பார்க்க வேண்டும் என்று இருக்கிறாள்.