பைய விடச் சொன்ன மீன்கள்

எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் பாண்டிச்செல்வி, கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து தண்ணீர் நிரப்பினாள். மோட்டாரும் போட்டாள். ஆனால் மூன்று வாரம் மீனே விடவில்லை. உள்ளே மணல், இரண்டு செடி, மூலையில் குமிழி. அவ்வளவுதான். மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன்.

"இன்னாடி இது, வெறுந்தண்ணிக்கு மோட்டார் ஓட்டிக்கினு கீற? எங்க வூட்ல மீனு சட்டியிலயாவது கெடக்கும்."

"தண்ணி முதல்ல பழகணும்க்கா. புதுத் தண்ணியில விட்டா செத்துரும்."

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை. எங்கள் சேரப்பணஞ்சேரிக்கு வந்தபோது கூட மூன்று பெண்கள் இருந்தார்கள். காண்ட்ராக்ட் முடிந்து ஒவ்வொருத்தியாக ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்திதான். "கதவத் தொறந்தா உள்ள அசையுதது ஒண்ணாச்சும் இருக்கணும்லக்கா" என்றாள் ஒருநாள். அன்றோடு கேலி பேசுவதை விட்டுவிட்டேன்.

ஒரு கிருத்திகை நாள். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவள் அறைச் சாவியை என் கையில் கொடுத்தாள்.

"யக்கா, எங்கூட வேல பாக்குத வசந்தகுமார் லீவுக்குக் கொளத்தூர் போயிருக்கான். வரும்போது மீன் வாங்கிட்டு வாரான். பதினோரு மணிக்கு வருவான். பைய தொட்டியில விட்டுருங்க. பைய, சரியா?"

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

வசந்தகுமார் வந்தான், பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொடுத்தான், போய்விட்டான். உள்ளே ஏழு கப்பி மீன்கள். வால் ஒவ்வொன்றும் ஒரு நிறம். பையைத் தொட்டியில் விடச் சொன்னாளே என்று, போட்டிருந்த ரப்பர் பேண்டோடு அப்படியே தண்ணீரில் மிதக்க விட்டேன். அவள் வந்து பிரித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். முருகனுக்கு விளக்கு வைக்கக் கீழே இறங்கிவிட்டேன்.

இரண்டு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் பையின் மேல்பக்கம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நீல வால் மீன் ஒன்று சாய்ந்தே கிடக்கிறது. போன் போட்டேன். ஷிஃப்டு முடியும்வரை லாக்கரில் இருக்கும் போனை யார் எடுப்பது? மூன்று வாரம் தண்ணீரைப் பழக்கினவள். அவள் வருவதற்குள் இத்தனையும் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு கதவைத் திறப்பேன்?

ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். அப்படியே கொட்டிவிடலாமா என்று கை போனது. புதுத் தண்ணீரில் விட்டால் செத்துவிடும் என்றாளே! மீனுக்கு இந்தத் தொட்டித் தண்ணீரும் புதுசுதானே? துணி மாட்டும் கிளிப்பை எடுத்துப் பையைத் தொட்டி விளிம்பில் மாட்டினேன். தொட்டித் தண்ணீரை அரை டம்ளர் மொண்டு பைக்குள் ஊற்றினேன். "வல்லக்கோட்டை முருகா, நீதான் பாத்துக்கணும்" என்று நூற்றெட்டு முறை சரவணபவ சொன்னேன். பிறகு இன்னொரு அரை டம்ளர். மறுபடி நூற்றெட்டு. இப்படியே எத்தனை முறை என்று தெரியவில்லை. மீன்கள் மெல்ல மேலிருந்து கீழே இறங்கி நீந்த ஆரம்பித்தன. அப்புறம்தான் பையைச் சாய்த்தேன். ஆறு மீன்கள் தாமாகவே தொட்டிக்குள் போயின. நீல வால் மீன் போகவில்லை.

அவள் ஷூவைக் கழற்றுமுன் படியிலேயே சொல்லிவிட்டேன்.

"தப்பு பண்ட்டேன்டி பொண்ணு. ரெண்டு மணி வரிக்கும் மீன பையிலயே வுட்டு வச்சிட்டேன். ஒண்ணு பூடுச்சி."

வெற்றிலையில் வைத்திருந்ததைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ஏன்க்கா பையிலயே வச்சிருந்திய?"

"நீதானடி பைய தொட்டியில வுடச் சொன்ன!"

விழித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணிலும் தண்ணீர்.

"யக்கா, பையன்னா மெதுவான்னு அர்த்தம்! எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"அத்த மெதுவான்னே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடி கேடு? சுவாமி பேரச் சொல்லிக்கினு அர அர டம்ளரா ஊத்தி ஊத்தி எனக்குக் கையே வுட்டுப்போச்சி."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதைத்தானக்கா நான் பையன்னு சொன்னேன்."

நீல வால் மீனைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்தோம். அன்று இரவு முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். இனி இந்தப் பெண் நம்மை நம்பி எதையும் விடமாட்டாள்.

மறுநாள் காலை பஸ் ஹாரன் கேட்டது. கதவைத் தட்டினாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரே ஒரு சிட்டிகை தீனிக்கா. மிஞ்சினா தண்ணி கெட்டுரும்."

"பைய போடட்டா?"

"பையவே போடுங்க" என்று சிரித்தபடி இறங்கி ஓடினாள்.

"பைய போடி, படி வழுக்கும்!" என்று கத்தினேன்.