வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு

அடுப்பில்லாமல், அகர்-அகர் கடற்பாசி இல்லாமல், பச்சைத் தண்ணீரை ஜெல்லியாக்கிக் காட்டுகிறேன் என்று நான்தான் வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி, கல்யாணமான புதிது. ஆயர் தாவாரில் மாமியார் வீட்டுக்கு நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். என் பேச்சை நம்பி அவள் பாயசம்கூட வைக்கவில்லை.

நான் நம்பியிருந்தது, சிலிபினில் என் தாய்வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சீன அக்கா கொடுத்த அய்யூ விதையை, ஒருவகை அத்தியின் விதை. துணியில் முடிந்து தண்ணீருக்குள் பிசைந்தால் கொழகொழவென்று வடியும், கொஞ்ச நேரத்தில் உறையும். பள்ளியில் உயிரியல் நடத்திய எனக்கு அதில் பைத்தியமே பிடித்திருந்தது. விதைத் தோலில் பெக்டின் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதன் கண்ணிகள் பெரும்பாலும் மெத்தில் என்ற குல்லா போட்டிருக்கும். கூடவே இருக்கும் நொதி அந்தக் குல்லாக்களைக் கழற்றிவிடும். கழன்ற இடங்களைத் தண்ணீரிலுள்ள கால்சியம் பிடித்துக் கட்டும். அதுதான் ஜெல்லி.

அன்றும் பிசைந்தேன், காத்திருந்தேன். கஞ்சித் தண்ணீராகவே கிடந்தது.

"அண்ணி, கார் வந்துருச்சு. இது என்னா இன்னும் இப்பிடியே இருக்கு?" நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, என்மேல்தான்.

அவள் முகம் கழுவத் தொட்டியில் குவளையை முக்கினாள். சட்டென்று உறைத்தது. இந்த வீட்டில் எல்லாமே கால்சியம் இல்லாத மழைத் தண்ணீர். எங்கள் சிலிபின் கிணறோ சுண்ணாம்புக் குன்றின் அடியில்; தண்ணீர் காய்ச்சும் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். நொதி தன் வேலையை முடித்துவிட்டது, கட்டுவதற்குத்தான் ஆளில்லை. ஓடினேன். மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கிள்ளு சுண்ணாம்பை எடுத்துக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கினேன்.

கூடத்தில் அவர்கள் உறவுமுறை பேசி முடிப்பதற்குள் உறைந்துவிட்டது. பாத்திரத்தைத் தட்டினேன், ஆடியது. சந்தோஷத்தில் சமையலறையிலேயே குதித்தேன். சீனிப்பாகும் லிமாவ் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கொடுத்தோம்.

எல்லாரும் ருசித்துச் சாப்பிடும்போது மாமியார் பெட்டியைத் திறந்தார். "என் சுண்ணாம்ப யாரு நோண்டுனது?"

என் வாயில் எதுவும் தங்காது. "நான்தான் அத்தை. ஜெல்லில போட்டேன்."

கதவோரம் நின்ற நாத்தனார் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு அவர் வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்தார்.

"தினம் வாயில போடுறதுதான, சட்டில போட்டா என்னலா? இன்னொரு கிண்ணம் ஊத்தும்மா. பொண்ணயே கொண்டாரச் சொல்லு. இனிமே எங்க வீட்டுலயும் அவதான கொடுக்கப் போறா."